வேடந்தாங்கல் கரையில் நிற்கும்போது

சென்ற ஜனவரியில், உச்சி வெயில் நேரத்தில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று நீர்க்கடம்ப மரமொன்றின் மேற்கிளையைப் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நத்தைக்குத்தி நாரை ஒன்று வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, சிறகுகளைப் பாதி விரித்துப் பிடித்தபடி அசையாமல் நிற்க, அந்த நிழலில் அதன் குஞ்சுகள் அலகு திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

அந்நேரம் கரைக்கு வந்த ஒரு குழுவினர், பறவைகள் பறப்பதைப் படமெடுக்க விரும்பிச் சேர்ந்து கைதட்டினார்கள். பக்கத்து மரத்து நீர்க்காகங்கள் திடுக்கிட்டு எழும்பின; அவை வட்டமிட்டுத் திரும்புவதற்குள் ஒரு காகம் கூட்டில் இறங்கி, எதையோ கவ்விக்கொண்டு பறந்தது. கைதட்டியவர்கள் அதைக் கவனிக்கவேயில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் எண்ணவில்லை. தாய்ப்பறவை சற்று நேரம் கூட்டை விட்டு விலகினாலும் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியை முதலில் காத்தவர்கள் ஊர்மக்களே. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாவதை அறிந்திருந்த அவர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற இந்த ஏரிக்கு அடித்தளம் அந்தக் கிராமத்தின் கண்டிப்புதான்.

ஆகவே, நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் செல்பவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் குறைவாகவே வரும் என்பதால் ஏரியில் நீர் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, கூட்டம் குறைந்த வார நாளில், கண்ணைப் பறிக்காத நிறத்தில் உடுத்திச் செல்லலாம். செல்பேசியின் ஒலியை அணைத்துவிடுங்கள். பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அழைக்காதீர்கள். பிள்ளைகளிடம் வீட்டிலேயே விளக்கிவிட்டால், கரையில் அவர்களை அதட்ட வேண்டியிருக்காது.

சரணாலயம் ஏரியோடு முடிவதில்லை. சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை அதன் எல்லைதான். நாரைகள் குஞ்சுகளுக்கு நத்தை பொறுக்குவது அங்குள்ள வயல்களிலும் குட்டைகளிலும்தான். கரையில் குப்பை போடாதவர்கள்கூடத் திரும்பும் வழியில் கார் ஜன்னல் வழியே தண்ணீர்ப் பாட்டிலை வீசுவதைப் பார்த்திருக்கிறேன்; அது போய் விழுவது பெரும்பாலும் அந்த வயல்களின் வாய்க்கால்களில்தான்.