அப்பாவின் இறால் கணவாய் சாலட்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பாவுக்கு நான் செய்து தரும் மதிய உணவு பெரும்பாலும் இறாலும் கணவாயும் சேர்ந்த ஒரு சாலட்தான். தூத்துக்குடியில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் மீன் குழம்பும் சோறுமாக உண்டு வந்தவருக்கு இது பழக்கமான உணவு அன்று. சர்க்கரை நோய் வந்த பிறகு சோற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருந்ததால், கடல் உணவையே வயிறு நிறையத் தருவதற்கு ஒரு வழியைத் தேடியபோது அமைந்தது இது. செய்யத் தொடங்கிய நாள் முதல் ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்து, ஊட்டச்சத்து அட்டவணைகளோடு ஒப்பிட்டுக் குறித்து வருகிறேன்.

ஒருவருக்கான அளவு இதுதான்: ஓடும் குடலும் நீக்கிய இறால் 100 கிராம், துப்புரவு செய்த கணவாய் 75 கிராம். சென்னைச் சந்தையில் கணவாயைக் கடம்பா என்பார்கள். இவற்றோடு வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் சேர்ந்து 150 கிராம், நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, அரை எலுமிச்சையின் சாறு, மிளகு, கொத்தமல்லி. இறாலிலிருந்து ஏறத்தாழ 20 கிராம் புரதமும் கணவாயிலிருந்து 12 கிராம் புரதமும் கிடைக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள என் அப்பாவுக்கு அது 50 கிராம் என்றால், இந்த ஒரு தட்டிலேயே அதில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அதற்குச் செலவாகும் கலோரியோ மொத்தம் 240-ஐத் தாண்டுவதில்லை. மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால், உண்ட பிறகு சர்க்கரை அளவு திடீரென்று ஏறுவதுமில்லை.

ஆனால் கடல் உணவு சாலட் என்ற பெயரில் வருகிற எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சென்ற ஆண்டு குடும்பத்தோடு ஓர் உணவகத்தில் அந்தப் பெயரில் ஒரு கிண்ணத்தை வரவழைத்தோம். அதில் மூன்று இறால்களும், நண்டு என்று சொல்லப்பட்ட செந்நிறக் குச்சிகளும், எல்லாவற்றையும் மூடியபடி மயோனைசும் இருந்தன. ஒரு மேசைக்கரண்டி மயோனைசில் ஏறக்குறைய 90 முதல் 100 கலோரி வரை இருக்கிறது, அதில் பெரும்பகுதி எண்ணெய். மூன்று கரண்டி சேர்ந்தாலே எங்கள் வீட்டுத் தட்டின் மொத்தக் கலோரியை அது விஞ்சிவிடும். அந்தக் குச்சிகளும் பெரும்பாலும் நண்டு அல்ல. அரைத்து அலசிய வெள்ளை மீன் சதையோடு மாவுப்பொருள், சர்க்கரை, உப்பு, நிறம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் சுரிமி என்னும் பொருள் அது. நூறு கிராம் சுரிமியில் புரதம் 8 கிராம் அளவில்தான் இருக்கும், மாவுச்சத்தோ அதைப்போல் இரு மடங்கு. சர்க்கரை நோயாளி ஒருவர் சாலட் என்று நம்பி உண்ணும் ஒன்றில் இப்படி இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது. கடையில் வாங்குவோர் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கொலஸ்ட்ராலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறால் உண்டால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறிவிடும் என்ற அச்சத்தால் அப்பா இரண்டு ஆண்டுகள் இறாலைத் தொடவே இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த உறவினர் ஒருவர் சொன்ன அறிவுரை அது. அவர் சொன்னதில் ஒரு பாதி சரி: 100 கிராம் இறாலில் ஏறக்குறைய 160 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும், அதே அளவு கணவாயில் 230 மில்லிகிராமும் உண்டு. எங்கள் தட்டில் அது 330-ஐத் தாண்டுகிறது. ஆயினும் உணவிலுள்ள கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் ஏறிவிடுவதில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைக் கூடுதலாக உயர்த்துவது நெய், தேங்காய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைகொழுப்புதான், அது இறாலிலும் கணவாயிலும் மிகச் சொற்பம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், நலமாக இருந்தவர்களுக்கு நாள்தோறும் 300 கிராம் இறால் கொடுத்துப் பார்த்தபோது எல்டிஎல் 7 விழுக்காடு உயர்ந்தது, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 12 விழுக்காடு உயர்ந்தது, ரத்தத்திலுள்ள மற்றொரு கொழுப்பான டிரைகிளிசரைடு குறைந்தது. ஆனால் அவர்கள் நோயில்லாதவர்கள், அப்பாவோ சர்க்கரை நோயாளி. எனவே அந்த முடிவை அவர்மீது அப்படியே ஏற்றிப் பார்க்காமல், அவருடைய மருத்துவரிடம் கேட்டு, வாரத்துக்கு ஒரு முறை என்ற அளவில் மீண்டும் தொடங்கினோம். முன்பு அவர் உண்ட இறால் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்ததாகவோ தேங்காய்ப்பாலில் கொதித்ததாகவோ இருந்தது என்பதையும் மருத்துவர் எடுத்துச் சொன்னார்.

புரதத்துக்கு அப்பால், செலினியமும் வைட்டமின் பி12-உம் இரண்டிலும் நல்ல அளவில் இருக்கின்றன. கணவாயில் செம்பும் மிகுதி. ஒமேகா 3 கொழுப்பு வேண்டுமென்றே இதை உண்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இறாலில் அது குறைவு, கணவாயில் சற்றுக் கூடுதல், ஆனால் மத்தி மீனுக்கு இவை இரண்டும் ஈடாகா. நார்ச்சத்து கடல் உணவில் அறவே இல்லை. அதைக் காய்கள்தான் தர வேண்டும் என்பதால், சில வாரங்களில் ஒரு கைப்பிடி முளைகட்டிய பாசிப்பயறை வேகவைத்துச் சேர்க்கிறேன். எலுமிச்சையிலும் குடைமிளகாயிலும் உள்ள வைட்டமின் சி அந்தப் பயற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது, கடல் உணவின் சதையும் அதே உதவியைச் செய்கிறது. நல்லெண்ணெயை முற்றிலும் தவிர்க்காததற்கும் காரணம் உண்டு: தக்காளிக்கும் சிவப்புக் குடைமிளகாய்க்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு சத்துகள் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

உறைந்த இறாலை வாங்கினால் உப்பின் அளவைக் கவனிப்பது நல்லது. நீர் வெளியேறாமல் இருக்கப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து உறைய வைக்கும் வழக்கம் உண்டு, அதனால் எடையும் சோடியமும் கூடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது நானும் உறைந்த இறாலைத்தான் வாங்குகிறேன். அந்த நாள்களில் சாலட்டில் தனியாக உப்புப் போடுவதில்லை.

வேகவைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கொதிக்கும் நீரில் கணவாய் வளையங்களை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் விட்டு எடுத்தால் மென்மையாக இருக்கும், ஐந்து நிமிடம் விட்டால் ரப்பராகிவிடும். இறாலின் சதை முழுவதும் ஒளி ஊடுருவாத வெண்மையாகி, மேலே செம்மை படர்ந்தால் வெந்துவிட்டது என்று பொருள். புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி சூட்டில் விடுபடுவதால் வரும் செம்மை அது. எலுமிச்சைச் சாற்றிலேயே பச்சை இறாலை ஊறவைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். புளிப்பு சதையை வெந்ததுபோல் வெளுக்கச் செய்யுமே தவிர, விப்ரியோ போன்ற கிருமிகளை நம்பத்தக்க வகையில் கொல்லாது. நம் ஊர் வெயிலில் கலந்த சாலட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது. நான் இறாலையும் கணவாயையும் வெந்த உடனே பனிநீரில் ஆறவைத்து, வடித்து, குளிர்பெட்டியில் மூடி வைத்துவிட்டு, அப்பா மேசைக்கு வந்த பிறகுதான் காய்களோடு கலக்கிறேன்.

விருந்தினருக்குப் பரிமாறும் முன் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுகிறேன். இறாலிலும் நண்டிலும் கணவாயிலும் உள்ள டிரோபோமையோசின் என்ற புரதம்தான் பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டுவது, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அதன் வீரியம் போகாது. என் அண்ணன் மகனுக்கு இறால் ஆகாது என்பதால், அவன் வரும் நாள்களில் அவனுக்கென்று தனிப் பலகையில், தனிக் கத்தியால் காய்களை நறுக்கி, இறாலுக்கும் கணவாய்க்கும் பதிலாக வேகவைத்த முட்டை சேர்த்து முதலிலேயே எடுத்து வைத்துவிடுவேன்.