பல்லைப் பார்த்துவிட்டுப் பாலைக் கொடுங்கள்

கிளினிக்கைத் திறக்கும்போதே வாசலில் அட்டைப்பெட்டியில் பூனைக்குட்டியோடு யாராவது நிற்பார்கள். "தாயைக் காணோம், பால் வச்சா குடிக்க மாட்டேங்குது." எந்தப் பால் என்று கேட்டால் பாக்கெட் பால்தான். அது குட்டிக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து அந்தச் சின்ன உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும்.

என்ன கொடுப்பது என்பதை வயதுதான் சொல்லும். தொப்புள்கொடி காய்ந்து ஒட்டியிருந்தால் பிறந்து சில நாள்தான். 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரம் காது நிமிர்ந்துவிடும், முன்னால் வெட்டுப்பல் அரிசிக் குருணை மாதிரி தெரியும், அப்புறம் கோரைப்பல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தராசை நம்பினேன். 250 கிராம் இருந்த ஒரு சாம்பல் நிறக் குட்டியை இரண்டு வாரக் குட்டி என்று எழுதிவைத்து, பூனைக்குட்டிக்கான பால்மாவைக் கரைத்து இரண்டு நாள் பாட்டிலில் கொடுத்தேன். குடித்த கையோடு மறுபடி கத்தும். மூன்றாம் நாள் நிப்பிள் நுனியையே கடித்துத் துண்டாக்கிவிட்டது, நல்லவேளை விழுங்கவில்லை. டாக்டரம்மா வந்து அதன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். கோரைப்பல் முழுசாக வந்திருந்தது. நான்கு வாரக் குட்டி, 400 கிராமாவது இருக்க வேண்டியது, பட்டினியில் அவ்வளவு வற்றியிருக்கிறது. குழைத்த உணவை விரல் நுனியில் எடுத்து நீட்டினேன், உறுமிக்கொண்டே நக்கித் தின்றது. அந்த இரண்டு நாள் பசி இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதைவிட அவசரம் சூடு. உடம்பு சில்லிட்டிருந்தால் எந்த வயதானாலும் முதலில் பால் கிடையாது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடான பிறகுதான் ஊட்ட வேண்டும். அதுவும் குப்புற வைத்து. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் தடவி மூத்திரம் போக வைக்க வேண்டும்.

ஆனால் வயிறு நிறைந்து, உடம்பு சூடாக, சுத்தமாக இருந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, இடம் பார்க்கப் போயிருக்கும். போன வாரம் மூன்று குட்டிகளோடு வந்த ஓர் அக்காவிடம், எடுத்த மாடிப்படிக்கடியிலேயே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள் என்றேன். சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, ரெண்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு, மூணாவதுக்கு இப்போ வருது."