பார்வை நரம்பியலில் போஸ்ட்டாக்: எனக்கு இடம் கிடைத்த விதம்

போஸ்ட்டாக் என்றால் முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஓர் ஆய்வகத்தில் சில வருடங்கள் செய்யும் ஆய்வு வேலை. என் முனைவர் பட்டம் பொறியியலில், படச் செயலாக்கத்தில். பூனையின் பார்வைப் புறணியில் (கண் பார்ப்பதைக் கையாளும் மூளைப் பகுதி) சில நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் பதில் தருகின்றன என்று நரம்பியலாளர்கள் ஹூபலும் வீசலும் காட்டியதைப் படித்தபோதுதான் மனம் மூளைப் பக்கம் திரும்பியது. அவர்களுக்கு 1981-ல் நோபல் கிடைத்தது. அந்த ஆய்வு இப்போதும் எனக்குச் சிலிர்ப்பைத் தருகிறது.

ஆசை வந்ததும் இடம் கேட்டு நாற்பது ஆய்வகங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். இரண்டு பதில்கள் வந்தன, இரண்டிலும் இடமில்லை. அப்புறம் வேறு வழியில் இறங்கினேன். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை ஆய்வு நிறுவனம், சுண்டெலிகள் படங்களைப் பார்க்கும்போது அவற்றின் பார்வைப் புறணியில் பதிவான தரவுகளை 2016 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. எலி ஓடிய வேகமும் கூடவே பதிவாகியிருக்கும். அதை இறக்கி, எலி நிற்கும்போதும் ஓடும்போதும் ஒரே படத்துக்கு நியூரான்களின் பதில் எப்படி மாறுகிறது என்று மூன்று மாதம் பார்த்தேன். ஓடும்போது பதில் கூடும் என்பது தெரிந்த விஷயம். எனக்கு உறுத்தியது, ஓடும்போது பதில் குறைந்த நியூரான்கள். இரண்டு வரைபடங்களோடு, 'இவை ஏன் குறைகின்றன?' என்று இதே துறையில் வேலை செய்யும் ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. தன்விவரக் குறிப்பை அவர் கேட்டதே அதற்குப் பிறகுதான்.

சரி, ஆய்வகம் சம்மதித்தால் போதுமா? சம்பளத்துக்குப் பணம் வேண்டும். ஐரோப்பா என்றால், ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி க்யூரி உதவித்தொகைக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கடைசி நாள் வரும். அதற்கு முந்தைய 36 மாதங்களில், ஆய்வகம் இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. முதலில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இயற்பியல், கணிதம், பொறியியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே ஹியூமன் ஃபிரான்டியர் என்ற சர்வதேச ஆய்வு நிதி அமைப்பு மூன்றாண்டு உதவித்தொகை தருகிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஒரு கடிதம் ஒரு நாள் தாமதமானதால் எனக்கு ஒரு வருடமே போனது.

வெளிநாடுதான் போக வேண்டும் என்றும் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தையும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையையும் கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த இந்தியக் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராய்கிறது. இங்கே மட்டும் எழக்கூடிய கேள்விகளும் உண்டு.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். விலங்குச் சோதனைக்கான அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வாங்க வேண்டுமா? ஜெர்மனியில் அதற்கே பல மாதங்கள் ஆகும். எலியைப் பழக்க இன்னும் சில மாதங்கள். இரண்டு வருட வேலையில் இது பெரிய பங்கு. அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்டாக்குகளிடம் தனியாகப் பேசி, கிளம்பும்போது தங்கள் ஆய்வுக் கேள்வியைக் கூடவே எடுத்துப்போகப் பேராசிரியர் விடுவாரா என்றும் விசாரியுங்கள்.