தூங்கட்டும் என்று சொன்னேன்

"தூங்கினா எழுப்பணுமா சிஸ்டர்?"

அந்த அப்பா கேட்டது இவ்வளவுதான். "தூங்கட்டும்" என்றேன். சொல்லிக்கொண்டே அடுத்த குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைக்கப் போய்விட்டேன். போன ஐப்பசியில், நல்ல மழை நாளில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பையனுக்கு நாலு வயது, 14 கிலோ. நாலு நாளாகக் காய்ச்சல். அன்று காலையில்தான் விட்டது. மதியத்திலிருந்து மூன்று முறை வாந்தி, வயிறு வலிக்கிறது என்று அழுகை. வியாசர்பாடியிலிருந்து ஆட்டோவில், முழங்கால் தண்ணீரில் வந்திருந்தார்கள். நான் பார்த்தபோது சூடு 99. நாடி 138. அழுகிற பிள்ளைக்கு நாடி ஏறத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டேன். பிரஷர் பட்டையைச் சுற்றினால் உதறித் தள்ளினான். இரண்டு முறை முயன்றுவிட்டு, கொஞ்சம் அடங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மஞ்சள் பிரிவில் போட்டேன்.

கேஷுவாலிட்டியில் வந்த வரிசைப்படி கூப்பிடுவதில்லை. உடனே பார்க்க வேண்டியது சிவப்பு, கொஞ்சம் காத்திருக்கலாம் என்றால் மஞ்சள், அவசரமில்லை என்றால் பச்சை என்று பிரித்துத்தான் உள்ளே விடுவோம். முதலில் பார்ப்பது குழந்தையின் முகத்தை, மூச்சை, தோலின் நிறத்தை. வீறிட்டு அழும் குழந்தை வெளியே காத்திருக்கும், சத்தமே இல்லாத குழந்தை உள்ளே ஓடும். பெற்றோருக்கு இது அநியாயமாகத் தெரியும். "நாங்க முன்னாடியே வந்தோம்" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, "அழுதா பயமில்லப்பா, அழாத பிள்ளைக்குத்தான் நாங்க பயப்படுவோம்." அன்று இவரிடமும் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. தலையாட்டிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பல விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அழாத பிள்ளைக்குத்தான் பயம் என்று நான் சொன்னதை அவர் சரியாகக் காதில் வாங்கியிருக்கிறார். அதனால்தான், இவன் அழுகையை நிறுத்தினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நானோ வேறு மாதிரி புரிந்துகொண்டேன். நாலு நாள் தூங்காத பிள்ளை, பாவம் கொஞ்சம் கண்ணயரட்டும், டாக்டர் கூப்பிடும்போது எழுப்பினால் போதும் என்று.

மஞ்சள் போட்டால் இடையில் போய் மறுபடி பார்க்க வேண்டும். போனேன், 35 நிமிடம் கழித்து. உள்ளே ஃபிட்ஸ் நிற்காத ஒரு குழந்தை, மாடிப்படியில் விழுந்த இன்னொன்று. அந்த 35 நிமிடத்தில் நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இதை யாரிடம் நிரூபிக்க எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பையன் அப்பாவின் தோளில் தலை சாய்ந்து கிடந்தான். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து மூடினான். காலைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. விரல் நுனியை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்கும் என்பது நாங்கள் எல்லோரும் வாயால் சொல்வதுதான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும், நாடி ஏறும், கைகால் குளிரும். பெற்றோர் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். நாங்கள் பார்ப்பது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா, பிரஷர் இறங்குகிறதா, ஒன்றுக்குப் போகிறானா என்பதை. கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் 140 மில்லி ட்ரிப்ஸ் ஏற்றத் தொடங்கி, அடுத்த நாள் விடியும்வரை பக்கத்திலேயே நின்றோம். ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனான்.

பிழைத்துவிட்டானே, பிறகென்ன என்று சீனியர் சிஸ்டர் கேட்டார். அந்த நேரத்துக்கு மஞ்சள் சரிதான் என்று டாக்டரும் சொன்னார். மஞ்சளைப் பற்றி எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை. எடுக்காமல் விட்ட பிரஷரும் அந்த ஒரு வார்த்தையும்தான் உறுத்துகின்றன. பெற்றோர் எங்கள் வாயிலிருந்து வருவதை மருந்துச் சீட்டு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். தூங்கட்டும் என்றால் தூங்க விடுகிறார்கள். அவனது அப்பா அந்த 35 நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார், பிள்ளை விழித்துவிடுமே என்று.

இப்போது எல்லோரிடமும் கூடுதலாகப் பேசுகிறேன். கொடுத்த மருந்தின் பாட்டிலைக் கையோடு கொண்டு வரச் சொல்கிறேன். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250ம் உண்டு. "5 மில்லி கொடுத்தோம்" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான் என்று நினைவு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள், கோபப்படாமல் மூன்று முறையும் சொல்லுங்கள் என்கிறேன், மூன்றாவது முறை சொல்லும்போதுதான் விட்டுப்போன ஒன்று வெளியே வரும். ஊசி குத்தும்போது, குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள் என்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, "சோர்ந்து போனாலோ, கூப்பிட்டா பார்க்கலைன்னாலோ, கைகால் ஜில்லுன்னு இருந்தாலோ, யாரையும் கேட்காம நேரா உள்ள வந்துடுங்க" என்கிறேன்.

இதிலும் சிக்கல் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி, மூச்சு வாங்கி வாங்கிக் களைத்து, நெபுலைசர் வைத்த பிறகு நிம்மதியாகத் தூங்கிய பேத்தியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தார். குழந்தை அழுது மறுபடி இரைக்க ஆரம்பித்தது. "அவங்களை ஏம்மா இப்படிப் பயமுறுத்தி வச்சிருக்க?" என்று சீனியர் சிஸ்டர் என்னைத்தான் கடிந்தார். தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் கற்றுத்தர வருடங்கள் ஆயின. வாசலில் நின்று அரை நிமிடத்தில் ஒரு பாட்டிக்கு அதை எப்படிச் சொல்வது? தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிணுங்கிக் கையைத் தள்ளிவிட வேண்டும் என்று இப்போது செய்தே காட்டுகிறேன். போதுமா, தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அப்பா என்னைத் தேடி வந்தார். பையன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான், கையில் பிளாஸ்திரி. "நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா சிஸ்டர்? தூங்குறான்னே நினைச்சுட்டேன்" என்றார். நான் சொன்னது அவருக்கு நினைவில்லையா, அல்லது நினைவிருந்தும் என்மீது பழி போட மனம் வரவில்லையா?

"இல்லப்பா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். உண்மைதான். ஆனால் "நான்தான் தூங்கட்டும்னு சொன்னேன்" என்பது அதற்கு அடுத்து வந்திருக்க வேண்டிய வாக்கியம். தொண்டை வரை வந்தது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். யாரும் கூப்பிடாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்.