கொடிமலைக்கு ஒரு மேகம்

ஊசி மறுபடியும் விரலில் ஏறிவிட்டது. மலையடிவாரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. துடைக்கவில்லை, செம்பருத்தி என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரமாகக் கம்பளி இழையில் பினாங்கின் கொடிமலையைப் படமாகக் குத்துகிறேன். ஊசியின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். குத்தக் குத்த இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம்.

மலையும் வானமும் சீக்கிரம் வந்துவிட்டன. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் தடம்தான் உயிரை வாங்கியது. நாலே நாலு இழையை முறுக்கி, கீழிருந்து உச்சிவரை ஒரே கோடு.

அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"மேகம் எங்கடி? காலையில அடிவாரத்துல, ஆயர் ஈத்தாம்ல நின்னு பார்த்தா உச்சியே தெரியாதே!"

நான் குத்தியது போஸ்ட்கார்டு மலை போல.

வெள்ளைக் கம்பளியை ஊதினால் பறக்கிற அளவுக்குப் பிய்த்து, மேலே வைத்து லேசாகக் குத்தினேன். பாடுபட்டுச் செய்த மேல் ஸ்டேஷன் காணாமல் போனது.

"இப்பதான் நம்ம மலை."