நாலணா அகலம்

நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. புரொபசர் என்றதும் இயற்பியலா வேதியியலா என்பார்கள். இரண்டும் இல்லை, அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பி.எட். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பேன். "அதை வேற தனியாப் படிக்கணுமா சார்?" என்று மன்னார்குடி டவுன் பஸ்ஸில் ஒருவர் கேட்டார். அதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்று பதில் வரவில்லை.

கல்லூரியில் நடத்திய பாடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹெர்பார்ட்டின் படிகள், புளூமின் வகைப்பாடு, நுண்ணிலைக் கற்பித்தல். வருஷா வருஷம் அதே நோட்ஸ். மனதில் நிற்பது கற்பித்தல் பயிற்சி நாட்கள்தான். அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு, பள்ளிக்கூடத்தில் நாற்பது நாள். (2015-இல் இரண்டாண்டாக்கிப் பயிற்சியை நீட்டியபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன்.) நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பஸ் ஏறிப் போவேன். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பாடக்குறிப்பு நோட்டில் சிவப்புப் பேனாவால் எழுதுவேன்.

ஒரு செப்டம்பர் மாதம், சம்பா நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். ஒன்பதாம் வகுப்பில் அடர்த்தி பாடம். பயிற்சி ஆசிரியை இயற்பியல் படித்த பெண். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு முட்டை. வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கியது. உப்புத் தண்ணீரில் மிதந்தது. பாடக்குறிப்பில் எழுதியிருந்தபடியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், எங்க வீட்ல விதைநெல்லுக்கு இப்படித்தான் செய்வாங்க."

உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, "எப்படி, சொல்லு" என்றார்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. முட்டையைப் போட்டால் மிதக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே நாலணா அகலம் தெரிந்தால் பதம் சரி. முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்ட வேண்டும். பதரும் கருக்காயும் மேலே வரும், அரித்தெடுத்துவிடலாம். மூழ்கியதுதான் விதை. அப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். (நாலணாக் காசு 2011-இல் செல்லாமல் போய்விட்டது. விதைநெல்லுக்கு இன்னமும் நாலணாதான் கணக்கு.)

வகுப்பு கலகலத்துவிட்டது. எங்க தாத்தா முட்டையே போட மாட்டார், கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தன், "ஏன் டீச்சர் அலசணும்?" என்று கேட்டான்.

"தெரியலையே. கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

மணி அடித்துவிட்டது. தொகுத்தல், மதிப்பிடுதல், வீட்டுப்பாடம் மூன்றும் நடக்கவில்லை. நான் எழுதினேன்: 'பாடத்திட்டத்திலிருந்து விலகல். நேரம் போதவில்லை. பாடப்பொருள் அறிவு குறைவு.' மதிப்பெண்ணையும் குறைத்தே போட்டேன்.

ஏன் அலச வேண்டும் என்பது எனக்கும் தெரியாது என்று திரும்பிவரும் பஸ்ஸில்தான் உறைத்தது.

வீட்டில் செய்து பார்த்தேன். உப்புத் தண்ணீரில் போட்டெடுத்த நெல் இரண்டு பிடி. ஒன்றை அலசியும் ஒன்றை அலசாமலும் ஈரத்துணியில் கட்டி வைத்தேன். அந்த மாத உப்பு தீர்ந்ததற்கு மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. மூன்றாம் நாள் அலசிய நெல் வெள்ளையாக முளை காட்டியது. மற்றது அப்படியே கிடந்தது. உப்பு ஒட்டியிருந்தால் விதை தண்ணீரை உறிஞ்ச முடியாது. சவ்வூடு பரவல்தான், பட்டப்படிப்பிலேயே படித்தது. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் அது உயிரியல் பகுதியில் இருந்தது, அடர்த்தி இயற்பியல் பகுதியில். இரண்டையும் ஒரே வாளியில் நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் மறுநாளே உயிரியல் பயிற்சி ஆசிரியரிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்குப் போனபோது நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். என் சிவப்பு மை அப்படியே இருந்தது. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். பாடக்குறிப்பு நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று வருஷத்தின் முதல் வகுப்பில் சொல்பவனே நான்தான். மூடி வைத்துவிட்டு, அன்றைய பாடம் என்னவென்று கேட்டேன்.