முக்திநாத்தில் அம்மாவின் துளசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தரிசனம் ஆகிவிட்டது. ஆழ்வார்கள் சாளக்கிராமம் என்று பாடிய நேபாளத்து முக்திநாத்தில் பெருமாளை அம்மா கண்குளிரச் சேவித்துவிட்டாள், அப்பா வைத்த நேர்த்தியும் தீர்ந்தது. ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் என் காதில் அந்தக் கோயில் தண்ணீர்த் தாரைகளின் இரைச்சல்தான். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், சரிப்படவில்லை. வருகிறபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினோரு வயதில் மஞ்சள் காமாலை முற்றி ஒரு மாதம் படுக்கையில் கிடந்தேன். "பிள்ளை பிழைத்து எழுந்தால் சாளக்கிராமத்துக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் சன்னதியில் அப்பா வேண்டிக்கொண்டாராம். நவதிருப்பதி ஒன்பதும் எங்களுக்குக் கூப்பிடு தூரம், அதில் ஒன்றில் முடித்திருக்கலாம், மிஞ்சிப்போனால் திருப்பதி. மனுஷன் போய் நேபாளத்தைப் பிடித்தார். குமாஸ்தா சம்பளத்தில் அது ஆகிற காரியமா? எனக்கு வேலை கிடைத்தபோது அவருக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார். "நேத்தியை வச்சுட்டு அவரு போயிட்டாரு, அது இப்ப உன் தலையிலதானய்யா நிக்கு" என்று அம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு 71 வயது. இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசியில் கிளம்பினோம். ஒரு யாத்திரைக்காரர் மூலமாக முப்பத்திரண்டு பேர். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சோனௌலி எல்லை, அப்புறம் பொக்ரா. எல்லை தாண்டினால் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும், அம்மா கடைசி வரை தள்ளவில்லை. கடைக்கடைக்கு "ஐசியா, என்சியா", அதாவது இந்திய ரூபாயா நேபாள ரூபாயா என்று கேட்கிறார்கள், நம் நூறு அவர்களுக்கு நூற்றறுபது, இந்தக் கணக்கில் எங்கள் கோஷ்டியில் பாதிப் பேர் ஏமாந்தார்கள், நானும்தான்.

பொக்ராவிலிருந்து முக்திநாத்துக்குப் போகிற வழியில் உள்ள ஜோம்சோமுக்கு விமானம் என்று சொல்லித்தான் பணம் வாங்கியிருந்தார்கள். இருபது நிமிஷப் பயணம். ஆனால் காலையில் மட்டும்தான் பறக்கும், பத்து பதினோரு மணிக்கு மேல் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிட்டால் அந்தச் சின்ன விமானங்கள் இறங்க முடியாது. முதல் நாள் மேகம், ரத்து. மறுநாளும் ரத்து. மூன்றாம் நாள் ஜீப்பில் ஏறுங்கள் என்றார்கள். சரி, இயற்கையை யார் என்ன செய்ய முடியும், ஆனால் விமானக் காசைத் திருப்பிக் கேட்டால் "அது வந்துடும் சார்" என்று அன்றைக்குச் சொன்னவர் இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜீப் பயணத்தை எழுதினால் அழுகைதான் வரும். பேனி வரைக்கும் பரவாயில்லை, அதற்கு மேல் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கீழே கறுப்பாக ஓடும் கண்டகி, நடுவில் ரோடு என்று ஒன்று இருக்கிறதாகச் சொல்லிக்கொள்ளலாம். மண் சரிந்த ஒரு இடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஆனால் அதே வழியில்தான், ஒரு பக்கம் அன்னபூர்ணா மலைகள், மறுபக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, இரண்டுக்கும் இடுக்கில் நாம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறோம் என்று டிரைவர் கையைக் காட்டிச் சொன்னபோது ஜீப்பில் சத்தமே இல்லை. தாத்தோபானி வரை பச்சையாக இருந்த மலை, மார்பா நெருங்கும்போது மொட்டையாகிவிட்டது. மரம் குறைந்தது, மழைவாசனை போய்விட்டது, முகங்கள் மாறின, கூரையெல்லாம் தட்டை, தட்டைக் கூரையின் ஓரத்தில் விறகை அடுக்கி வைத்திருக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் ஐந்து நிறக் கொடிகள் படபடவென்று. நேபாளத்துக்குள்ளேயே வேறொரு தேசம். முஸ்தாங் என்பது அதுதான்.

காக்பேனியில் அப்பாவுக்குத் தர்ப்பணம். கண்டகியோடு இன்னொரு ஆறு வந்து சேருகிற இடம், பித்ரு காரியத்துக்கு அதைவிட விசேஷமான இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அங்கேயும் ரேட் பேசினார்கள், மூன்று விதமாம், பிண்டத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, மூன்றாவது என்ன என்று எனக்கு இப்போதுகூடப் புரியவில்லை. மத்தியானக் காற்றில் மணல் பறந்து எள்ளும் தண்ணீரும் என் மேலேயே திரும்பி விழுந்தது. அப்பா பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, அதை அம்மா கவனிக்காத மாதிரி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊர் சந்துகளை எப்படிச் சொல்வது? மண்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, சில இடத்தில் வீட்டுக்கு அடியிலேயே குகை மாதிரி வழி போகிறது, தலைக்கு மேலே மாடு கத்துகிறது. கோட்டை மாதிரி உயர்ந்து சிவப்பாக ஒரு திபெத்திய மடம். ஊர் எல்லையில் மண்ணால் செய்த ஒரு காவல் உருவம், கண்ணை உருட்டிக்கொண்டு, கெட்டது உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுமாம். அம்மா நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நம்ம ஊரு சுடலைமாடன்தாம்யா, குளிருக்கு இங்க வந்து நிக்கான்."

காக்பேனியோடு எங்களுக்குக் கதவு மூடிவிட்டது. அதற்கு வடக்கே மேல் முஸ்தாங், தனி அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டுக்காரர் போக முடியாது. உள்ளே லோ மந்தாங் என்று மதில் சூழ்ந்த ஊர், பழைய லோ ராஜ்ஜியத்தின் தலைநகர், 2008 வரை ராஜா என்ற பட்டத்தோடு ஒருவர் இருந்திருக்கிறார். 1992 வரை வெளியாட்களையே விடவில்லையாம். எல்லைக்கு அந்தப் பக்கம் திபெத்தில் மடங்களை இடித்துத் தள்ளிய காலத்தில் இந்தப் பக்கம் பழைய சுவர்ச் சித்திரங்களும் பூஜையும் அப்படியே தங்கிவிட்டன. எங்கள் டிரைவருக்கு மார்பாதான் ஊர், இந்தியில் அதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். கண்டகி உற்பத்தியாவதாகச் சொல்கிற தாமோதர குண்டமும் அந்தப் பக்கம்தான், உண்மையான சாளக்கிராமம் அங்கேதான் என்று வாதாடுகிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. வாதாடட்டும். திருமங்கையாழ்வார் பத்துப் பாட்டும் பெரியாழ்வார் இரண்டு இடத்திலும் பாடிய பெருமாளை அம்மா முக்திநாத்தில்தான் பார்த்தாள், எனக்கு அது போதும்.

மறுநாள் காலை ராணிபௌவாவில் ஜீப்பை நிறுத்தினார்கள். அங்கிருந்து கோயில் வரை ஏற்றம், அரைமணி நடை என்று சொல்வார்கள், 3,700 மீட்டருக்கு மேலே அந்த அரைமணி நம் கணக்கில் வராது. அம்மா இருபது அடி வைத்தாள், நின்றாள். உதடு லேசாக நீலம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. குதிரைக்காரர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் போல, ஆறு பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு விலை, பாதி வழியில் நிறுத்தி "இது ஒரு பக்கத்துக்கு மட்டும்" என்று மறுபடியும் ஒரு விலை. நான் சண்டை போடப் போனேன், குதிரை மேலிருந்து அம்மா, "விடுய்யா, திருமங்கையாழ்வாரே ஆடல்மாங்கிற குதிரை மேல ஏறித்தான வந்தாரு, எனக்கென்ன கௌரவக் கொறச்சல்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். கேட்டுச் சிரித்தவர்கள் எங்கள் கோஷ்டிக்காரர்கள், குதிரைக்காரனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான், பேசியதை வாங்கிக்கொண்டு போனான்.

நூற்றெட்டுத் தாரை. மாட்டு முகம் வைத்த குழாய்கள், கோயிலைச் சுற்றி அரைவட்டமாக, பனி உருகி வருகிற தண்ணீர். நான் வேட்டியோடு ஓடினேன், பத்தாவது தாரையில் தலை மரத்துவிட்டது, முப்பதில் ராம ராம என்று கத்தினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. அம்மாவை வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தாரைக்கும் போய்க் கையை நீட்டி, உள்ளங்கையில் ஏந்தி, தலையில் தெளித்து, அடுத்தது. நூற்றெட்டும். நடுவில் பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள், வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, நம் ஆட்கள்தான், செல்போனை ஒரு கையில் உயர்த்திக்கொண்டு. பாதித் தாரைகளை அப்பாவுக்காக எடுத்துக்கொண்டதாக ராத்திரி சொன்னாள். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

இனி சன்னதி. பகோடா மாதிரி மூன்றடுக்குக் கூரை, உள்ளே சின்ன இடம். ஸ்ரீமூர்த்தி அமர்ந்த கோலம், பக்கத்தில் ஸ்ரீதேவி பூதேவி. பொன் வண்ணத் திருமேனி. அதே பெருமாளைத் திபெத்திய பௌத்தர்கள் சென்ரெசிக் என்று, கருணையின் போதிசத்துவராக வணங்குகிறார்கள், அந்த இடத்துக்கே அவர்கள் வைத்த பெயர் சூமிக் கியாட்ஸா, நூற்றுச் சொச்சம் ஊற்று என்று அர்த்தம். பெருமாளுக்குக் கிட்டே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது மெரூன் அங்கி போட்ட, மொட்டையடித்த ஒரு திபெத்தியப் பிக்குணி. இருபத்தைந்து வயது இருக்கலாம். குளிரில் கன்னம் வெடித்திருந்தது.

அம்மா மடியிலிருந்து துணி மூட்டையை எடுத்தாள். எங்கள் வீட்டுக் கொல்லைத் துளசி. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, தினமும் தண்ணீர் தெளித்துக் கொண்டு வந்தது, பொக்ராவில் கிடந்த இரண்டு நாளிலேயே பாதி போய்விட்டது. பிரித்தபோது கறுத்துச் சுருங்கிய இலையும் காம்பும்தான். அம்மா முகம் விழுந்துவிட்டது. அதை நீட்டவும் கூச்சம், மடக்கி வைக்கவும் மனசு இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினாள். வாங்கி, தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் ஒரு இலை கீழே விழாமல், காம்போடு சேர்த்து, பெருமாள் திருவடியில் வைத்தாள். நான் எத்தனையோ கோயிலில் எத்தனையோ பேர் துளசி வாங்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம், இப்போது அந்தக் குறை எதற்கு.

வைத்துவிட்டு வரிசையைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி நிறுத்தினாள். அம்மாவுக்காக நிறுத்தினாள்! அம்மா திருமங்கையாழ்வார் பாசுரத்தை, "கலையும் கரியும்" என்று ஆரம்பித்தாள். மூச்சு போதவில்லை. இரண்டாம் அடியில் நின்றுவிட்டது, உதடு மட்டும் அசைகிறது, எனக்கோ அந்தப் பாசுரம் பாதிக்கு மேல் வராது, வெட்கக்கேடு. அப்போது பின்னாலிருந்து ஒரு ஆந்திரா மாமி, அதுவரை என் விலாவில் முழங்கையால் குத்திக்கொண்டிருந்த அதே மாமி, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். தெலுங்கு வாடையில், ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல். "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று முடிக்கும்போது அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் அழுதோம். பெருமாளை நான் பார்த்தேனா என்று கேட்டால், கண்ணீரில் பொன்னாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். அப்பா, கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் அம்மா உன் பிள்ளையை. பெருமாளே, முப்பத்தேழு வருஷம் பொறுத்தாயே.

அதற்கு அப்புறம் ஜ்வாலாமாயி போனோம், பாறைக்குள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம், கம்பி வலைக்குப் பின்னால் விரல்நுனி அளவுக்கு நீலமாக ஒரு சுடர், தானாக எரிகிறது. அங்கேயும் பிக்குணிகள்தான். குனிந்து பார்க்க வேண்டும், அம்மா குனிந்து நிமிர ஐந்து நிமிஷம் ஆனது, யாரும் விரட்டவில்லை.

இறங்கும் முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டு, சமையல்காரர் கட்டிக்கொடுத்த புளியோதரையில் தன் பங்கைச் சம்புடத்தோடு துளசி வாங்கிய அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னாள். எனக்குத் தயக்கம், அவர்கள் இதைச் சாப்பிடுவார்களா, கொடுக்கலாமா கூடாதா. சன்னதிக்கு வெளியே வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தவள், வாங்கி அங்கேயே ஒரு வாய் போட்டாள். மிளகாய் கடித்துவிட்டது. கண்ணில் தண்ணீர், மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அம்மா "ஆத்தி, தண்ணியக் குடி, தண்ணியக் குடி" என்று தமிழில் பதறுகிறாள், எதிரே நூற்றெட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. முழுவதும் சாப்பிட்டாள். சம்புடத்தைத் தாரையில் கழுவி, உள்ளே போய் வந்து, மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

ஜீப்பில் வந்துதான் திறந்து பார்த்தோம். நிறைய ஆப்பிள் வற்றல். அந்தப் பக்கத்து ஆப்பிள், வளையமாக அறுத்துக் காயவைத்தது. அம்மா அதை ஊர் வரை யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது பெருமாள் அலமாரியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, காலையில் ஒரு வளையம் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணி, எனக்குப் பாதி, தனக்குப் பாதி. நேற்று எண்ணினாளாம், இன்னும் பத்தொன்பது இருக்கிறதாம்.